நின்று எரியும் சுருட்டு

“ஒரு சுருட்டு ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயா? இன்னாக்கா, உனக்கு மூளை கீதா இல்லையா?”

நெட்டுக்குப்பம் முனீஸ்வரன் கோயில் வாசலில் அசோகன் போட்ட சத்தத்தில், மீன் கூடையோடு போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர் என்றால் சும்மாவா? ஊரில் யார் எதை வாங்கினாலும் அவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஜெயக்கொடி சுருட்டை முந்தானையில் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக் குழாயில் போட்டு, தங்கக் கலரில் பட்டை சுற்றிய ஃபாரின் சுருட்டு. அவள் காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது.

“இந்தக் காசுக்குப் புள்ளைக்கு மருந்து வாங்கியிருக்கலாம்ல?”

“மருந்து இனிமே வேணாம்னுட்டாரு டாக்டரு. சாமிய வேண்டிக்கினு வாம்மான்னாரு, தம்பி.”

அசோகன் படியோரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

ஒரே மகன் எழிலன். ஐடிஐ முடித்து வேலைக்குச் சேர வேண்டியவன், ஆஸ்பத்திரியில் மூச்சு மிஷின் வைத்துப் படுத்திருக்கிறான்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். வேண்டுதல்காரர் கொடுக்கும் சுருட்டைப் பூசாரி கொளுத்தி முனீஸ்வரன் சிலை வாயில் வைத்து, திரையை இழுத்துவிடுவார். சுருட்டு முழுசாகச் சாம்பலானால் சாமி கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம். பாதியில் அணைந்தால் கேட்கவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி பத்து ரூபாய் சுருட்டு வைத்தாள். மூன்றும் அணைந்தன. மூன்று முறையும் பூசாரி சுயம்பு திரையை விலக்கி, உள்ளதை உள்ளபடி சொன்னார். போன வாரம் அதைக் கேட்டவள் படியிலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதே சுயம்புதான்.

“மட்டமான சரக்குண்ணா, அதான் அணைஞ்சி அணைஞ்சி பூடுது. இது ஒசத்தி. நின்னு எரியும்னு கடைக்காரரு சத்தியம் பண்றாரு. கொளுத்துண்ணா.”

சுயம்பு சுருட்டை வாங்கிக்கொண்டார். வருஷக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் லாரியில் ஓடி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர் அவர். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தாலே எழுந்து போய்விடுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டே கொளுத்தி, சாமி வாயில் வைத்து, உள்ளே நின்றபடியே திரையை இழுத்தார்.

ஜெயக்கொடி வெளியே மணலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். போனவர் வந்தவர் எல்லாம் அவளோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். பாவம், பெற்ற வயிறு. திரைக்கு மேலே புகை வந்தது. நிற்காமல் வந்தது.

“எரியுது, எரியுது” என்றாள். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் உயிர் தெரிந்தது.

அப்போதுதான் திரைக்குள்ளிருந்து அந்த இருமல் கேட்டது. குடலே வெளியே வந்துவிடும் போல ஓர் இருமல்.

அசோகன் பாய்ந்து போய்த் திரையை விலக்கினார்.

சாமி வாயில் சுருட்டு இல்லை. சிலைக்குப் பின்னால் குந்தியிருந்த சுயம்புவின் வாயில் இருந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. காலடியில் எரிந்துபோன தீக்குச்சிகள் இறைந்து கிடந்தன.

“அடப்பாவி! சாமி சுருட்டையே ஆட்டைய போட்டியா? பீடியே ஆவாதுன்னு இத்தினி நாளா எங்களாண்ட சீன் போட்டுகினு இருந்தியா?”

அசோகன் விட்ட அறையில் சுருட்டு கீழே விழுந்தது.

ஜெயக்கொடி ஓடிவந்தாள். “அண்ணா, இன்னாண்ணா இது?”

சுயம்பு அவளைப் பார்த்தார். சுருட்டைப் பார்த்தார்.

“நல்லாத்தான் எரிஞ்சிகினு இருந்துச்சிம்மா. ஒசத்தி சரக்காச்சே, ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கலாம்னு எனக்குத்தான் புத்தி கெட்டுப் பூட்ச்சி.”

“சாமி வாயில எரிஞ்சிச்சா?”

“எரிஞ்சிச்சிம்மா. சாமி கேட்டுக்கினாரு. நடுவுல பூந்து நான்தான் கெடுத்துட்டேன்.”

இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் தலையில் தூற்றினாள் ஜெயக்கொடி. “என் புள்ளைக்கு எதுனா ஆச்சு, நீ நாசமாப் பூடுவ!”

விடிவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

எழிலன் செத்தது நோயாலா, பூசாரியாலா என்று குப்பத்தில் யாரும் யோசிக்கவே இல்லை. சுயம்புவுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. ஜெயக்கொடி தினமும் வந்து அவர் வாசலில் மண்ணைத் தூற்றி, வயிறெரியத் திட்டிவிட்டுப் போனாள். திட்டி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டாள். சுயம்பு ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை.

காரியம் எல்லாம் முடிந்ததும், கோயில் சாவியை வாங்கிப் போக அசோகன் வந்தார். வாசலில் குவிந்திருந்த மண்ணைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. வந்தவர் சும்மா இருப்பாரா?

“இன்னா பூசாரி, ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா சுருட்டு எப்டி? குடுத்த காசுக்குத் தகுமா?”

சாவியை எடுத்து நீட்டினார் சுயம்பு.

“பத்து ரூபா சுருட்டு மாதிரியேதான், நைனா. சாமி வாயில வச்ச கொஞ்ச நேரத்துல அதுவும் அணைஞ்சி பூட்ச்சி. அத்த அவளாண்ட மறுக்கா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நானே இழுத்து இழுத்து சாம்பலாக்கிடலாம்னுதான் பாத்தேன். இந்தப் பாழாப்போன இருமல்தான் காட்டிக் குடுத்துட்ச்சி.”