சுவரொட்டிக்குக் கீழே

பள்ளிக்கூட அரங்கில் வேலை வழிகாட்டி முகாம்; அதில் எங்கள் நகராட்சிப் பொறியாளர் சங்கத்தின் மேசை. "மக்கள் பணிக்கு வாருங்கள்" என்ற சுவரொட்டியில் குடிநீர்ப் பிரிவு அக்கா பல் தெரியச் சிரிக்கிறாள். காலையில் வேலை பறிபோன அதே அக்கா, கீழே நின்று துண்டறிக்கை நீட்டுகிறாள். துணைச்செயலாளராகிய நான் வீரத்தோடு பலூன் ஊதிக்கொண்டிருக்கிறேன். "நிரந்தர வேலைதானே, மேடம்?" என்கிறாள் அதை வாங்கிய ஒரு மாணவி. "சேவைம்மா, சேவை!" என்று தலைவர் குறுக்கே விழுகிறார். "நிறுத்துங்க சார்!" என்கிறாள் அக்கா. மாணவி பக்கம் திரும்புகிறாள். "இத்தன வருஷமும் தற்காலிகம்தான், கண்ணு. இப்ப அதுவும் இல்ல. கேக்க வேண்டிய இவங்க ஒருத்தரும் வாயத் திறக்கல." என் வாயில் பலூன். மாணவி துண்டறிக்கையை மேசையில் வைக்கிறாள். அக்கா அதை எடுத்து அவள் கையிலேயே திணிக்கிறாள். "நீ வா. ஊருக்குத் தண்ணி விட ஆள் வேணும். ஆனா இந்தச் சங்கத்த நம்பி வராத."