அரசாங்க முத்திரை

வெட்டி எறிந்திருந்த டின் மூடியைத் திரேசா காலால் புரட்டிப் பார்த்தாள். அதில் அடித்திருந்த இலக்கத்தைக் கண்டதும் குனிந்து அதைக் கையில் எடுத்தாள்.

அதே இலக்கம்தான். கப்பலில் வந்திறங்கிய இந்த மீன் டின்களில் பாதரசம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று அரசாங்க ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தவள் அவள். போன கிழமை இராஜரத்தினம் முதலாளியின் சரக்குக் கிட்டங்கியைப் பூட்டவைத்து, கதவில் அரசாங்க முத்திரைத் தாளை ஒட்டிவிட்டு வந்தவளும் அவள்தான்.

அன்றைக்கு அவர் எவ்வளவோ கெஞ்சினார். ஒரே ஊர் ஆட்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். ஊருக்காக நஞ்சைப் பாஸ் பண்ண ஏலாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த இராஜரத்தினம்தான் இப்போது கண்டியில் இந்தப் பள்ளிக்கூட அகதி முகாமில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த மீன் டின் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

செவ்வாய்க்கிழமைக் கலவரத்தில் வீடு எரிந்து வந்ததிலிருந்து எல்லோருக்கும் வெறும் பாண் ரொட்டிதான். இன்றைக்குப் பாணும் வரவில்லை.

பாதரசத்துக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஒரு நேரம் தின்றால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பெட்டிகள் முடியும்வரை இங்கே தினமும் இதுதான் கறி. வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் அது முதலில் கெடுக்கும்.

வரிசையில் வீரம்மா நின்றாள். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்பிலிருந்து உயிர் தப்பி வந்தவள். ஏழு மாதம்.

பாதரசம் என்று சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்? விளங்கினாலும் பசி கேட்குமா? கிறிஸ்தவ வேதக்காரியான திரேசாவின் வாயில் வேறொன்று வந்தது.

"இண்டைக்கு ஆடி வெள்ளியல்லோ வீரம்மா, மீன் மச்சம் தின்னலாமோ?"

வீரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெள்ளி செவ்வாயெல்லாம் வீடு இருக்கிறவங்களுக்குங்க மிஸ்" என்றாள். தட்டை நீட்டி வாங்கி, நின்ற நிலையிலேயே அள்ளித் தின்றாள்.

திரேசாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அதை யார்மேல் கொட்டுவதென்று தெரியாமல் முதலாளியின் முன்னால் போய் நின்றாள். அந்த மூடியை அவர் கண்ணெதிரே நீட்டினாள்.

போன கிழமை மிஸ் என்று கூப்பிட்டவர் இப்போது பிள்ளை என்றார்.

"கடையும் போச்சு, வீடும் போச்சு, பிள்ளை. நல்ல சாமான் வச்சிருந்த கிட்டங்கியும் எரிஞ்சு போச்சு. நீங்க பூட்டின இந்த டின் கிட்டங்கிக்கும் பெற்றோல் கானோடதான் வந்தவங்கள். கதவில நீங்க ஒட்டின முத்திரையைக் கண்டிட்டு, இது அரசாங்கத்தின்ர, தொடக்கூடாதெண்டு திரும்பிப் போயிட்டாங்கள்."

சொல்லிவிட்டு அவர் அடுத்த டின்னில் கத்தியைக் குத்தினார்.

திரேசா கைப்பையைத் திறந்தாள். வீட்டை விட்டு ஓடும்போது கையில் அகப்பட்டது அது ஒன்றுதான். உள்ளே முத்திரைத் தாள்கள் கட்டாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து அந்தப் பெட்டிகளில் ஒட்டினால் போதும், சட்டப்படி எவரும் கைவைக்க முடியாது. அதன் பிறகு இவ்வளவு சனத்துக்கும் எதைக் கொடுப்பது?

வீரம்மா இரண்டாம் முறையும் தட்டோடு வந்து வரிசையில் நின்றாள்.

திரேசா பையை மூடினாள்.

வீடு எரிந்த செவ்வாய்க்கிழமை, அந்தத் தாள்களில் ஒன்றைத் தன் வீட்டுக் கதவில் ஒட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.