கூப்பிட லேசான பெயர்

"பிள்ளைக்கு ஆரிஸ்னே பேர் வச்சிடலாம் ஆர்கிரோ, கூப்பிட லேசு," என்றான் ஸ்டாமாடிஸ், நடுக்கடலில் இருந்த சரக்குக் கப்பலிலிருந்து போனில்.

"வேணாம். வழக்கப்படி உங்கப்பா பேரே இருக்கட்டும். பந்தெலெய்மோன்."

"ரயில் மாதிரி நீளமா இருக்குன்னு நீதானடி கேலி பண்ணின?"

"பண்ணினேன். இப்பப் பிடிச்சிருக்கு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். வேறெதுவும் சொல்லாமல் போனை வைத்தாள்.

நர்ஸ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குழந்தையை அவள் கையில் கொடுத்தாள்.

"முன்னமே சொன்னதுதான், பாதிரியார் வர்ற வரைக்கும் பிள்ளை தாங்காதும்மா. நீயே மேல தூக்கி, மூணு தரம் பேரைச் சொல்லு. ஞானஸ்நானம் ஆயிடும். சொல்லி முடிச்சதும் என்கிட்டக் குடுத்துடு."

ஆர்கிரோ குழந்தையை உயர்த்தினாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல், அந்த நீளமான பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.