மாங்கன்றுக் குழி

மாங்கன்று நடத்தான் குழி என்றான் ஆதிநாராயணன். ஆனால் அது கன்றுக்குழி போலச் சதுரமாக இல்லை. நீளமாக இருந்தது.

அன்று காலையில் அவன் வாசலில் நின்று, தரையிலிருந்து மேல்நிலை வரைக்கும் ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து அறுத்ததை அவன் பெண்டாட்டி தாட்சாயணி பார்த்திருந்தாள். நித்தம் அந்த நிலையில் தலையை இடித்துக்கொண்டு, கதவு வைத்த ஆசாரியைத் திட்டுகிற மனுஷன். இன்றைக்கு வாயே திறக்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு நிலத்துக்குப் போய்விட்டான்.

"கன்னுக்கு எதுக்குய்யா இம்மா நீளம்?" என்று கேட்டதற்கு, "உனுக்கு ஒண்ணும் தெரியாது, போ!" என்று எரிந்து விழுந்தான்.

அவள் பக்கத்து நிலத்து ரத்தினம்மாவிடம் ஓடினாள். ரத்தினம்மா தன் புருஷனின் சமாதியைச் சுற்றி வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, பேயறைஞ்சா மாதிரி வர்றே?"

தாட்சாயணி ஒன்று விடாமல் கொட்டினாள். போன வாரம் புத்தூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பத்திரத்தில் அவளிடம் ரேகை வாங்கினான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "சொன்னா அழுவே" என்றான். அடிக்கடி ரயிலேறி ரேணிகுண்டாவுக்குப் போகிறான். வந்தால் தட்டில் வைத்த சோறு அப்படியே கிடக்கிறது. கேட்டால், "வெளிய துன்னுட்டேன்" என்கிறான்.

நகரியும் புத்தூரும் ஆந்திராவா, மெட்ராஸா என்று ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. நாளைக்கு எந்தப் பத்திரம் செல்லும், எது செல்லாது என்று புரியாமல் பாதி ஜனம் ரிஜிஸ்டர் ஆபீசில்தான் கிடந்தது. அதனால் அப்போது அவளுக்குச் சந்தேகம் தட்டவில்லை, பாவம்.

"அட பைத்தியக்காரி! ரேணிகுண்டாவுல எவளோ சோறு போடறா. உங்கிட்ட ரேகையும் வாங்கிட்டான்" என்றாள் ரத்தினம்மா. "உங்க மூத்தாரு கன்னையா தம்பிகிட்ட இன்னா சொல்லிக்கினு கீறாரு? புள்ள பெறாதவள அனுப்பிட்டு வேற ஒருத்தியக் கட்டுடான்னுதானே?"

"அதுக்குக் குழி எதுக்குக்கா?"

ரத்தினம்மா குரலைத் தணித்தாள். "நாங்க பொதைக்கிற சனம். நீங்க எரிக்கிற சனம். எரிக்கிறவன் வூட்டுல குழி வெட்னா, அது மறைக்கறதுக்குத்தாண்டி."

தாட்சாயணி திரும்பித் தன் நிலத்துப் பக்கம் பார்த்தாள்.

ரத்தினம்மா சமாதியைக் கையால் தட்டிக் காட்டினாள். "எங்காளப் பாரு. கொழுந்தனுங்க என்னியத் தொரத்திட்டு நெலத்த விக்கப் பார்த்தானுங்க. சமாதி கீற நெலம்னு ஒருத்தன் வாங்க வர்ல. செத்தும் எனுக்குக் காவலாக் கெடக்குது. உனுக்கும் வாய்ச்சுதே ஒண்ணு!"

பொழுது நகரி மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் ஆதிநாராயணன் குரல் கொடுத்தான்.

"தாட்சி! இங்க வா."

அவள் களைக்கொத்தை எடுக்கப் போனாள். அதை விட்டுவிட்டு அரிவாளை எடுத்தாள். இடுப்பில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள்.

குழிக்குள் அவன் மார்பளவு ஆழத்தில் நின்றிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"யார்னா பாத்தாங்களா?"

"இல்ல."

"கன்னையாவுக்குத் தெரியக் கூடாது. எல்லாம் முடிஞ்ச பெறகு தெரிஞ்சா போதும். இன்னும் கிட்ட வா."

அவள் கை தானாக முந்தானைக்குள் போனது. அவன் திரும்பி முதுகைக் காட்டினான். காய்ந்த, நீண்ட கழுத்து. ஒரே வீச்சு போதும். நீங்களே சொல்லுங்கள், உயிருக்குப் பயந்தவள் வேறு என்னதான் நினைப்பாள்?

அவன் தோள் துண்டை எடுத்து மடித்தான். குழியின் ஒரு கோடியில் வைத்தான். அதில் தலையைச் சாய்த்து, மெல்லக் காலை நீட்டிப் படுத்தான். உச்சந்தலை அந்தப் பக்கம் தொட்டது. பாதம் இந்தப் பக்கம் தொட்டது. அளந்து வெட்டியது போலப் பொருந்தியது.

படுத்தவனுக்கு இருமல் வந்தது. வாயைத் துடைத்த கையில் ரத்தம்.

"ரேணிகுண்டா டாக்டரு கைய விரிச்சிட்டாரு, தாட்சி. சோறு எறங்கலே. அதான் உங்கிட்ட பொய் சொன்னேன்."

அரிவாள் நழுவி மண்குவியலில் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெலத்த உம் பேருக்கு எழுதிட்டேன். ஆனா நாளைக்கு எல்லை மாறிச்சுன்னா, இந்தக் காயிதம் செல்லாதுன்னு கன்னையா மல்லுக்கு நிப்பான். உன்னியத் தொரத்திட்டு வித்துடுவான். ரத்தினம்மா நெலத்த எவனாச்சும் தொட்டானா, சொல்லு?"

அவள் குழியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து அவன் கை நீண்டு வந்து அவள் பாதத்தைப் பிடித்தது.

"என்னிய எரிச்சிடாதே, தாட்சி."