வண்டு செய்த வேலை

"கடிங்க. உங்க கடை விதையில காய்ச்சதுதானே? கடிச்சுப் பாருங்க."

விதைக் கடை மேசைமேல் அந்தக் குடைமிளகாய் சிவந்து பளபளத்தது. கொஞ்சம் குள்ளம், மற்றபடி அச்சு அசல் குடைமிளகாய். பக்கத்தில் கடை முத்திரையோடு கிழிந்த பாக்கெட் ஒன்று.

இருபது வருஷமாக வாடிக்கையாளர்களைச் சமாளித்த கடைக்காரர், இதையும் சமாளித்துவிடலாம் என்று ஓரமாக ஒரு கடி கடித்தார். அடுத்த நொடி அவர் முகம் மிளகாயைத் தோற்கடித்தது. "ஏய்! தண்ணி! சர்க்கரை! எதையாவது கொண்டா!" என்று உள்ளே பார்த்து அலறினார்.

"யாரைக் கூப்பிடறீங்க? வீட்டம்மா பல் டாக்டர்கிட்ட போயிருக்காங்கன்னு, நான் வந்ததும் கேட்டதுக்கு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் வந்தவள். "ஓரத்துலயே இந்தக் கூத்துன்னா, என் நாத்தனார் வாய் நிறைய மென்னாங்க. மூணு மணி நேரம் குழாயடியிலேர்ந்து தலையை எடுக்கல. நான் வேணும்னே செஞ்சேனாம்!"

கடைக்காரர் நாக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது நாளா என் வீட்டுக்காரர் என்கிட்ட பேசல. நாளைக்கு அவங்க வீட்டுப் பெரியவங்க வந்து உக்காரப் போறாங்க. என்னை வச்சுக்கறதா, அம்மா வீட்டுக்கு அனுப்பறதான்னு பேச. உங்க பாக்கெட்டால என் குடும்பம் தெருவுல நிக்குது!"

கடையில் நின்ற வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் தொட்டி மண் விலையை மறந்து இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"நாக்கை அடக்கிப் பேசும்மா."

"அடக்கறதுக்கு எனக்காவது நாக்கு இருக்கு. உங்களுக்கு?"

கடைக்காரர் நிமிர்ந்தார். "வளர்த்தது நீ. தண்ணி காட்டாம வெயில்ல வாட்டியிருப்பே. வாட்டினா காரம் ஏறும். அதுக்கு என் விதை என்ன பண்ணும்?"

"ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சேன். ஃப்ரிட்ஜ் மேல சூட்டுல தட்டை வச்சு, பதினோரு நாள் முளைக்குதா முளைக்குதான்னு பார்த்தேன். நாலு இலை விட்டதும் தொட்டிக்கு மாத்தினேன். என் பிள்ளைக்குக்கூட இப்படி நேரா நேரத்துக்குத் தண்ணி குடுத்ததில்ல. அது போகட்டும், காரம் இருக்கிற செடியில காரம் ஏறும். குடைமிளகாயில காரமே கிடையாதே, எங்கேருந்து ஏறும்? காலிப் பானை பொங்குமா?"

யாரோ சிரித்தார்கள். கடைக்காரருக்கு வியர்த்தது, மிளகாயால் மட்டும் அல்ல.

"பக்கத்துத் தொட்டியில பச்சை மிளகாய் வச்சிருப்பே. வண்டு அதுல உக்காந்து இதுல உக்காந்திருக்கும். கலந்துபோச்சு. வண்டுக்கு நான் பொறுப்பா?"

அவள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல மேசைமேல் கையை ஊன்றினாள்.

"மகரந்தம் கலந்தா அந்தக் காயில காரம் வராது. அதுக்குள்ள இருக்கிற விதையிலதான் கலப்பு இருக்கும். அதை எடுத்து முளைக்கப் போட்டா, அந்தச் செடி காய்க்கறப்பதான் வாய் எரியும். அப்ப வண்டு வந்து உக்காந்தது என் தொட்டியில இல்ல. இந்தப் பாக்கெட்டுக்கு விதை எடுத்தீங்களே, அந்தச் செடியில. அது எங்க வளர்ந்தது?"

அது வளர்ந்தது கடைக்காரர் வீட்டு மொட்டை மாடியில். பழுத்த காயிலிருந்து விதை எடுத்து உலர்த்திப் பாக்கெட் போடுவது அவர் மனைவி. குடைமிளகாய்த் தொட்டியை ஒட்டியே பச்சை மிளகாய்த் தொட்டி. வெயில் அந்த மூலையில்தான் நன்றாக விழும் என்று இரண்டையும் அங்கே நகர்த்தி வைத்தது அவரே.

தொட்டி மண் வாங்க வந்தவர்களில் ஒருவர், கையில் எடுத்திருந்த குடைமிளகாய் நாற்றைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சரிம்மா, சரி. பத்துப் பாக்கெட் சும்மா தர்றேன். சண்டை வேண்டாம்."

"எனக்கு ஒரு விதையும் வேண்டாம். எழுதிக் குடுங்க."

"'சிறு கவனக்குறைவு'ன்னு எழுதறேன்."

"'எங்கள் தவறு'ன்னு எழுதுங்க."

"'தவறு நேர்ந்திருக்கலாம்'?"

"'எங்கள் தவறு. வாங்கியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.' கீழ உங்க கையெழுத்து, கடை முத்திரை. இல்லேன்னா நாளைக்கு எங்க பெரியவங்க அத்தனை பேரையும் இங்கயே கூட்டிட்டு வர்றேன். ஆளுக்கு ஒரு கடி கடிச்சிட்டு உங்ககிட்டயே பேசட்டும்."

புடவை விலையைக் குறைப்பது போல வார்த்தை வார்த்தையாக இழுத்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. கடைசியில் முத்திரையைக் குத்திவிட்டு, "போதுமா தாயே? போய்ட்டு வா. வராமலே இருந்தா இன்னும் நல்லது" என்றார்.

"நானா? செத்தாலும் இந்தக் கடைப் பக்கம் வரமாட்டேன்" என்று காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

அவள் தெருவைக் கடக்கும்போது, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரின் மனைவி உள்ளே வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை, கடைக்காரர் பாய்ந்தார்.

"உன்னால என் மானமே போச்சுடி! உன் மாடி விதையை வாங்கிட்டுப் போய் நாசமாப் போனேன்னு, அதோ போறாளே, அவ என் கையாலயே எழுதி வாங்கிட்டுப் போறா!"

மனைவி வாசலுக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அவங்களா? நீங்க சரக்கெடுக்கப் போயிருந்தப்ப வந்தவங்களாச்சே. ஒண்ணு இல்ல, ரெண்டு பாக்கெட் வாங்கினாங்க."

"ரெண்டா? குடைமிளகாய் ஒண்ணு, இன்னொண்ணு என்ன?"

"'பார்த்தா குடைமிளகாயா இருக்கணும், கடிச்சா உயிர் போகணும்'னு அவங்களே கேட்டு வாங்கினது!"