மாவுக்குள் கை

டெல்பினாவின் கல்யாண மோதிரம் பதினோரு வருடமாக விரலை விட்டு இறங்கவில்லை. சர்க்கரையும் எடையும் ஏற ஏற, சதை வீங்கி அதை மூடிக்கொண்டது. வெட்டித்தான் எடுக்கணும் என்றார் ஆசாரி. "வீக்கம் விரல்ல மட்டும் இல்லம்மா, உள்ளயும் இருக்கு. வீட்டுல என்ன எண்ணெய்?" என்று கேட்டார் டாக்டர். அவளுடைய வடைக்கடையில் பொரித்து மிஞ்சிய கறுத்த எண்ணெயில்தான் வீட்டுக் குழம்பும் கொதித்தது. எண்ணெயைக் கொட்டுவது பாவம் என்பது அவள் நம்பிக்கை. டாக்டர் கேட்ட அன்றிலிருந்து தினமும் அந்தப் பாவத்தைச் செய்தாள். மாத்திரையும், அளந்து விட்ட நல்லெண்ணெயும், சாளை மீன் குழம்புமாக எட்டு மாதம் போனது.

இன்று மாலை, கூட்டம் நெருக்கும் நேரத்தில், நாற்பதாவது வடையைப் போட்டுவிட்டுக் கையைப் பார்த்தவள் மறுபடி மாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். விரலில் வெளுத்த வளையத் தழும்பு மட்டும் இருந்தது.

"என்ன பிள்ள, என்னத்தத் தேடுத?" என்றான் கணவன் கஸ்பார்.

மாவு சொட்டும் கையைக் கொடிபோல உயர்த்தினாள். "மோதிரம் கழண்டுட்டு!"

பிறகு, வடையும் கையுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "எல்லாரும் மெல்லக் கடிங்கய்யா! ஒருத்தர் வடையில என் கல்யாண மோதிரம் இருக்கு!"