ஊதாக் கழுத்துப் பறவை

பறவை கம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தாமரை கையிலிருந்த சீனித்தண்ணீர்ப் புட்டியைத் தரையில் வைத்தாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

கண்ணாடி அறை முழுக்க ஐஸ்பெட்டி போல் குளிர்ந்து கிடந்தது. நேற்று மாலை மேடமும் தோழிகளும் இங்கேதான் உட்கார்ந்து பேசினார்கள். போகும்போது ஏசியை யாரும் நிறுத்தவில்லை.

அதை நிறுத்திவிட்டு வலைக்கூண்டுக்குள் கையை விட்டாள். கட்டைவிரல் அளவு உடம்பு. கல் மாதிரி சில்லிட்டிருந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு இருப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் ஏதோ ஒரு பாலைவனத்திலிருந்து முதலாளி வரவழைத்த ஹம்மிங் பேர்ட். கூண்டில் விட்ட அன்றே தாமரையைப் பார்த்து விரலை ஆட்டினார். இது செத்தால் நேராக போலீஸ்தான். அவளுடைய பாஸ்போர்ட் அவருடைய அலமாரியில் இருக்கிறது. மத்தியானம் அவர் துபாயில் வந்து இறங்குகிறார்.

மேடம் இன்னும் மாடியை விட்டு இறங்கவில்லை. தாமரை கதவைச் சாத்தினாள். ஒரு கையில் பறவையோடு பிரஷாந்திக்குப் போன் செய்தாள். ஹட்டனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பிரஷாந்தியும் இப்போது இந்த ஊர்ப் பக்கம்தான், ரோலாவில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள்.

“பயப்புடாத தாமர. அங்க பூவுக்குத் தேன்சிட்டு வருதுன்னு சொன்னியே, அதுல ஒன்ன புடிச்சி உள்ள விட்று. அதுவும் ஊதாதானே? அவுங்களுக்கு என்னா தெரியப் போவுது?”

கண்ணாடிக்கு வெளியே செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு இருந்தது. ஆண்சிட்டு. வெயிலில் ஊதாவாக மின்னியது. அவளுக்கும் ஒரு கணம் ஆசை வந்தது.

ஆனால் அதன் அலகு வளைந்திருந்தது. காம்பில் காலை ஊன்றிக்கொண்டு குடித்தது. இதன் அலகோ ஊசி மாதிரி நேர். புட்டிக்கு முன்னால் காற்றில் நின்றபடியே குடிக்கும். குடித்துவிட்டுத் திரும்பாமல் பின்பக்கமாகவே பறக்கும். நிழலில் பார்த்தால் கழுத்து வெறும் கறுப்பு. வெயில் பட்டதும் ஊதா கொழுந்துவிட்டு, இரண்டு பக்கமும் மீசை போல நீண்டு நிற்கும். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அந்த மீசையைத்தான் காட்டுவார்.

“மாத்த ஏலாது. பாத்தொடனே தெரிஞ்சிரும்” என்றாள்.

போனை வைத்துவிட்டு, வெயில் விழுந்த இடத்தில் குந்தினாள். பறவையை இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். காப்பாற்றலாம் என்று நினைத்து அல்ல. வேறெங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாய் முருகா, முருகா என்றது.

கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது. பயத்தில் என்றுதான் நினைத்தாள். கையை இறுக்கி நிறுத்திப் பார்த்தாள்.

நடுங்கியது கை அல்ல.

குளிர் மிஞ்சினால் இந்தப் பறவை இதயத் துடிப்பைக்கூடக் குறைத்துக்கொண்டு பிணம் போல உறங்கும், சூடு ஏறினால் எழும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு கண் திறந்தது. உள்ளங்கைக்குள் சின்ன மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கியது. விரல்களைப் பிரித்தாள். நேராக மேலே எழும்பி, வெயிலுக்குள் நின்றது. கழுத்தில் ஊதா பற்றிக்கொண்டது.

தாமரைக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியே மேடத்தின் குரல். போனில் கணவரிடம் பேசிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அந்த அளவு அரபி தாமரைக்குப் புரியும். பறவை செத்துவிட்டது, வேலைக்காரிதான் ஏசியைப் போட்டுக் கொன்றுவிட்டாள், அவளை அனுப்பிவிடுங்கள்.

கதவு திறந்தது. பறவை மேடத்தின் முகத்துக்கு நேரே போய்க் காற்றில் நின்றது.

போனுக்குள் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். மேடம் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

பறவையைப் பற்றி இந்த வீட்டில் தாமரை இன்னும் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.